மடுவத்துத் திரைக்கு எது பொருந்தும்: டிகே, கியூடி, ஜிடிகே

ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து மடுவத்துக்கு (பறித்த கொழுந்தை நிறுக்கும் இடம்) நிறுவைக் கணக்கு மென்பொருள் ஒன்று எழுதிக்கொடுத்தேன். பதிவிலக்கம், பெயர், மூன்று நேர நிறுவை, கழிவு, மொத்தம். திரையில் இருப்பது அவ்வளவுதான். அதையே மூன்று டூல்கிட்டில், அதாவது ஜன்னல், பொத்தான், அட்டவணையைத் திரையில் வரைந்து தரும் நிரல் தொகுப்புகளில், எழுதிப் பார்க்க வேண்டி வந்தது.

முதலில் டிகே. பைத்தன் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் பலர் முதலில் தொடுவது, டிகேயைப் பைத்தனில் பயன்படுத்தும் வழியான டிகின்டரைத்தான். பத்து வரியில் ஒரு ஜன்னல் வந்துவிடும். பெரிதாகத் தரவிறக்கவும் வேண்டாம். மழை பிடித்தால் சிக்னல் போய்விடும் எங்கள் பக்கத்தில் அது பெரிய உதவி. என் மடிக்கணினியில், விண்டோஸில், எல்லா எழுத்தும் ஒழுங்காகவே வந்தது. மடுவத்தில் இருந்தது பழைய கணினி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்ததால் அதில் லினக்ஸ் போட்டிருந்தோம். அங்கே திறந்தால் ‘கொழுந்து’ என்ற தலைப்பே உடைந்து கிடந்தது. ‘க’ முன்னால் தனியாக நிற்க, ஒற்றைக்கொம்பும் அரவும் அதற்குப் பின்னால். ‘ழ’ ஒரு பக்கம், அதன் உகரக் குறி ஒரு பக்கம்.

லினக்ஸில் டிகே குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடுகிறது. எந்தக் குறி முன்னால் போக வேண்டும், எவை சேர்ந்து ஒரே வடிவமாக வேண்டும் என்று பார்ப்பதில்லை. அந்த வேலைக்கென்றே ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரல் நூலகம் இருக்கிறது. கியூடியும் ஜிடிகேயும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. 2024 செப்டெம்பரில் வந்த டிகே 9.0இலும் இந்தக் குறை தீரவில்லை. இது அழகுக் குறை மட்டுமல்ல. ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். பெயருக்கு முன்னுள்ள முதலெழுத்து தெளிவாகத் தெரியாவிட்டால் ஒருவர் எடுத்த கொழுந்து இன்னொருவர் பேரில் ஏறிவிடும்.

லேபிளின் அகலத்தை எழுத்துக் கணக்கில் கொடுத்தால், டிகே ‘0’ என்ற இலக்கத்தின் அகலத்தையே அளவாக எடுக்கிறது. நம் எழுத்துகள் அதைவிட அகலம், சொல்லின் வால் வெட்டுப்பட்டுவிடும். அகலம் கொடுக்காமல் விட்டால் சமாளிக்கலாம்.

கியூடியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எழுத்து சரி, அட்டவணை சரி, சொல் நீண்டால் பெட்டியும் தானே விரிகிறது. குறை அதன் கனம்தான். கியூடியைப் பைத்தனில் பயன்படுத்தத் தேவையான பைசைட் 6ஐ இறக்கவே நூறு எம்பிக்கு மேல் போகிறது. ஒரு அட்டவணையும் நாலு பொத்தானும் உள்ள திரைக்கு அவ்வளவு எதற்கு? அடிப்படைப் பகுதிகளை மட்டும் தனிப் பொதியாகவும் தருகிறார்கள்தான், ஆனால் அது இன்னும் சிறிதாக வேண்டும்.

ஜிடிகேயும், எழுத்துகளை வரியில் அடுக்கும் பாங்கோ என்ற நூலகத்தின் துணையோடு, தமிழை அழகாகக் காட்டுகிறது. ஆனால் 2020 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பில் பழைய வழிகள் பல போய்விட்டன. ‘அழிக்கவா?’ என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு வரி முறைகூட இப்போது இல்லை. 4.10இலிருந்து பழைய அட்டவணையையும் கைவிடச் சொல்கிறார்கள். புதியதற்கு மூன்று மடங்கு எழுத வேண்டியிருந்தது. தனி ஆளாகப் பராமரிப்பவருக்கு அது சுமை.

அதனால் மடுவத்தில் இப்போது ஓடுவது கியூடி. பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டேன். ஆனாலும் மூன்றில் ஒன்றைத்தான் திருத்தலாம் என்றால், டிகேக்குள் ஹார்ஃப்பஸ் வரட்டும் என்றே கேட்பேன். லினக்ஸ் கணினியில் முதல் ஜன்னலைத் திறக்கும் பிள்ளை தன் பெயரை உடையாமல் பார்க்க வேண்டும்.