நெட்நியூஸ்வயர்: எதையும் ஊகிக்காத ஒரு வாசிப்புச் செயலி

மேக், ஐபோன், ஐபேட் ஆகிய மூன்றிலும் இயங்கும் நெட்நியூஸ்வயர் ஓர் ஆர்.எஸ்.எஸ். வாசிப்பான். நாம் தொடர்ந்து படிக்கும் தளங்களின் முகவரிகளை ஒருமுறை கொடுத்துவிட்டால், அவற்றில் புதிதாக வருபவற்றை அது எடுத்துவந்து, வெளியான நேரப்படி அடுக்கிவைக்கும். அத்துடன் அதன் வேலை முடிந்தது. விலை கிடையாது, விளம்பரம் கிடையாது, புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கச் சொல்லும் நச்சரிப்பும் கிடையாது. எதைப் படித்தோம், எவ்வளவு நேரம் படித்தோம் என்று அளந்து, அதைக் கொண்டு அடுத்து எதைக் காட்டலாம் என ஊகிக்கும் வழக்கம் இதற்கு இல்லை. பிற செயலிகள் எல்லாம் அந்த ஊகத்தையே தொழிலாகக் கொண்டுவிட்ட நிலையில், இதைச் சற்று விரிவாக மதிப்பிடுவது தகும்.

ஆர்.எஸ்.எஸ். பழைய தொழில்நுட்பம். 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டது. ஒரு தளம் தன் புதிய பதிவுகளின் பட்டியலைக் கணினி படிக்கத்தக்க கோப்பாக வைத்திருக்கும்; அந்தக் கோப்பைத்தான் ஓடை என்கிறோம். வாசிப்பான் அந்தக் கோப்பை அவ்வப்போது எட்டிப் பார்த்துவரும். இதுதான் அதன் முழுச் சூட்சுமம். 2005-இல் வந்த கூகுள் ரீடர் இலவசமாகவும் வேகமாகவும் இருந்ததால் வாசகர்கள் திரளாக அங்கே குடியேறினார்கள். தனித்து நின்ற பல செயலிகளும் ஒத்திசைவுக்கு, அதாவது எதைப் படித்தோம் என்ற கணக்கை எல்லாக் கருவிகளிலும் ஒன்றுபோல் வைத்திருப்பதற்கு, அந்தச் சேவையையே நம்பத் தொடங்கின. பயன்பாடு குறைந்துவருவதாகக் காரணம் சொல்லி 2013 மார்ச்சில் மூடுவிழாவை அறிவித்த கூகுள், அதே ஆண்டு ஜூலை 1-இல் அதை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டே ஆப்பிள் தன் சஃபாரி உலாவியிலிருந்து ஆர்.எஸ்.எஸ். வசதியை எடுத்துவிட்டிருந்தது, 2018 டிசம்பரில் ஃபயர்ஃபாக்சும் அதே வழியில் போனது. வாசகரின் கண்முன் எது வர வேண்டும் என்பதை வாசகரே முடிவு செய்யும் ஓர் ஏற்பாட்டில் பெரிய நிறுவனங்களுக்கு என்ன லாபம் இருந்திருக்க முடியும்?

இந்தச் செயலியும் பல கைகள் மாறித்தான் வந்திருக்கிறது. ப்ரெண்ட் சிம்மன்ஸ் என்ற நிரலாளர் 2002-இல் உருவாக்கிய இது, 2005-இல் நியூஸ்கேட்டர் நிறுவனத்திடமும் 2011-இல் பிளாக் பிக்சல் நிறுவனத்திடமும் சென்று, 2018-இல் அவரிடமே திரும்பியது. அதற்குள் அவர் எவர்கிரீன் என்ற பெயரில் வேறொரு திறந்தமூல வாசிப்பானை, அதாவது நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஒன்றை, எழுதிக்கொண்டிருந்தார். பழைய பெயரை அதற்குச் சூட்டி, 2019 ஆகஸ்டில் ஐந்தாம் பதிப்பாக வெளியிட்டார். ஆகவே இன்று நம் கையில் இருப்பது பழைய பெயரைத் தாங்கிய புதிய நிரல்; தன்னார்வலர்களும் சேர்ந்து அதை வளர்த்துவருகிறார்கள்.

மேக் பதிப்பின் திரை மூன்று பலகங்களாகப் பிரிந்திருக்கும். இடப்புறம் தளங்கள், நடுவில் தலைப்புகள், வலப்புறம் கட்டுரை. மின்னஞ்சல் செயலிகளில் பழகிய அமைப்பு என்பதால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. இதில் என்னை மிகவும் கவர்ந்தது இடைவெளி விசைக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வேலை. அதை அழுத்தினால் கட்டுரை ஒரு திரை அளவு கீழே நகரும். கட்டுரை முடிந்துவிட்டிருந்தால் அடுத்த படிக்காத கட்டுரைக்குத் தாவும். அந்தத் தளத்தில் எல்லாம் தீர்ந்திருந்தால் அடுத்த தளத்துக்குப் போகும். கட்டைவிரலை அசைத்துக்கொண்டிருந்தாலே அன்றைய வாசிப்பு முழுவதும் நடந்துவிடும். வேறு செயலிகளில் ஒரு விசைக்கு ஒரு வேலை என்று கறாராக இருப்பார்கள். இங்கே வாசிப்பவரின் அடுத்த தேவை எதுவாக இருக்கும் என்று யோசித்து விசையை அமைத்திருக்கிறார்கள். எதையும் ஊகிக்காத செயலி என்று தலைப்பிட்டுவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். எனினும் இந்த ஊகம் விரலைப் பற்றியது, விருப்பத்தைப் பற்றியது அன்று.

வடிவமைப்பில் நான் குறை காண்பது படிக்காதவற்றின் எண்ணிக்கையில். ஒவ்வொரு தளத்தின் பெயருக்கு அருகிலும் ஓர் எண் நிற்கும். ஒருவாரம் திறக்காமல் விட்டால் அவை கடன்காரரின் கணக்குப் புத்தகம் போல் வளர்ந்திருக்கும். மின்னஞ்சலுக்கு இந்த எண் பொருந்தும், ஏனெனில் யாரோ ஒருவர் நம் பதிலுக்குக் காத்திருக்கிறார். ஒரு நாளிதழின் தளத்தில் நூற்றுக்கணக்கான செய்திகள் வெளியானதற்கு நாம் யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படவில்லை. மூன்று பலக அமைப்பை மின்னஞ்சலிடமிருந்து கடன்வாங்கியபோது இந்த மனச்சுமையும் கூடவே வந்துவிட்டது. இந்தச் செயலி மட்டுமல்லாமல் இதன் வகையைச் சேர்ந்த ஏறக்குறைய எல்லாமே அதைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டன. அனைத்தையும் படித்ததாகக் குறிக்கும் கட்டளை இருக்கிறது, அதைத் தயங்காமல் பயன்படுத்தக் கற்றுக்கொண்டால் தொல்லை குறையும். நாளுக்கு நூறு செய்தி வெளியிடும் தளங்களைச் சேர்க்காமல், மாதத்துக்கு இரண்டு முறை எழுதும் தனிமனிதர்களின் வலைப்பதிவுகளைச் சேர்த்தால் செயலியின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். யூடியூப் அலைவரிசைகளையும் இதில் பின்தொடரலாம் என்பது பலருக்குத் தெரியாத வசதி; பரிந்துரைகளின் பக்கமே போகாமல் புதிய காணொளிகளை மட்டும் அறிந்துகொள்ள அது போதும்.

இனி, செயலியின் கையில் இல்லாத குறைகள். பல ஊடகத் தளங்கள் ஓடையில் முழுக் கட்டுரையையும் தருவதில்லை. இரண்டு வரிகளைக் காட்டி, மிச்சத்துக்குத் தளத்துக்கு வரச் சொல்கின்றன. விளம்பரம் அங்கேதான் இருக்கிறது என்பதால் அவர்கள் தரப்பு புரிந்துகொள்ளக்கூடியதே. செயலியிலுள்ள வாசிப்புத் தோற்றத்தை இயக்கினால் முழு உரை பெரும்பாலும் வந்துவிடும். சந்தா கட்டினால்தான் படிக்கலாம் என்ற பூட்டு இருந்தால் வராது. சமூக ஊடகங்களின் நிலை இதைவிட மோசம். 2021-இல் வந்த ஆறாம் பதிப்பில் ட்விட்டர், ரெடிட் ஆகியவற்றையும் ஓடைகளாகச் சேர்க்க வழி செய்திருந்தார்கள். 2023-இல் அந்த இரு நிறுவனங்களும் வெளிச் செயலிகளுக்கான நுழைவு விதிகளை இறுக்கிக் கட்டணம் விதித்ததும், இலவசமாக வழங்கப்படும் ஒரு செயலிக்கு அவற்றைத் தக்கவைக்க வழியில்லாமல் போயிற்று. இரண்டு வசதிகளும் நீக்கப்பட்டன. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஆர்.எஸ்.எஸ். ஓடைகள் மட்டும் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தன.

செயலியின் சொந்தக் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் இது இல்லை. ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுட் வழியான ஒத்திசைவில் ஓடைகளின் எண்ணிக்கை கூடக்கூட வேகம் குறையும். ஐபோனில் படித்துவிட்டதை மேக் சிறிது நேரம் படிக்காததாகவே காட்டிக்கொண்டிருக்கலாம். அதிகமான ஓடைகளை வைத்திருப்பவர்கள் ஃபீட்பின் போன்ற கட்டணச் சேவை ஒன்றையோ, சொந்த வழங்கியில் (சர்வரில்) நிறுவும் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் நிரலையோ இதனுடன் இணைத்துக்கொள்வது நல்லது. புதிய வசதிகள் மெதுவாகவே வரும். சம்பளம் வாங்காமல் உழைப்பவர்களிடம் கால அட்டவணை கேட்க முடியாது. லாபக் கணக்கு இல்லாததால் கிடைக்கும் அமைதிக்கும் இந்த மெதுவுக்கும் காரணம் ஒன்றே.

ஆப்பிள் கருவிகள் இல்லாதவர்களுக்கு இன்னோரீடரும் ஃபீட்லியும் இணையத்திலேயே கிடைக்கின்றன. இரண்டும் நன்றாக இயங்குபவையே, ஆனால் இலவசப் பயன்பாட்டுக்கு வரம்பு வைத்து, சந்தாவுக்கு அழைப்பவை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஓடைகளின் பட்டியலை, வெவ்வேறு வாசிப்பான்களும் படிக்கத்தக்க ஓ.பி.எம்.எல். கோப்பாகப் பதிவிறக்கி ஓரிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் ரீடர் மூடப்பட்டபோது அதிலிருந்தவர்களில் பலர் வேறு வாசிப்பான்களுக்குத் தங்கள் தளங்களை இழக்காமல் மாற முடிந்தது அந்தக் கோப்பினால்தான். நெட்நியூஸ்வயரில் அதை ஏற்றுமதி செய்யும் கட்டளை கோப்புப் பட்டியிலேயே இருக்கிறது.