டக் டக் என்று அடித்துக்கொள்ளும் மோட்டார்: பிரஷர் டேங்க்கா, ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலரா?

குழாயைத் திறந்தால் மோட்டார் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. ஒரு வாளி நிரம்புவதற்குள் பத்து தடவை டக் டக். பிளம்பரைக் கூப்பிட்டால் வருகிற பதில் பெரும்பாலும் இதுதான்: "டேங்க் எல்லாம் பழைய மாடல் சார், கழட்டிட்டு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் போட்டுடலாம்." கிணற்றில் இருந்தோ சம்ப்பில் இருந்தோ நேராக வீட்டுக் குழாய்களுக்குத் தள்ளுகிற பம்பு வைத்திருப்பவர்கள் தலையாட்டுவதற்கு முன்னால், இரண்டும் எங்கே கெடும், கெட்டால் நாமே கண்டுபிடிக்க முடியுமா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. நான் டேங்க் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரஷர் டேங்க் என்பது இரும்புக் கூடு, உள்ளே ஒரு ரப்பர் பை. பைக்குள் தண்ணீர், பைக்கும் இரும்புக்கும் நடுவில் காற்று. மோட்டார் நின்ற பிறகு தண்ணீரைத் தள்ளுவது அந்தக் காற்றுதான். 24 லிட்டர் டேங்க் என்றால் 24 லிட்டரும் கிடைத்துவிடாது. 20 பிஎஸ்ஐயில் (டயர் காற்றை அளக்கும் அதே அழுத்த அளவு) ஆன், 40-ல் ஆஃப் என்று மோட்டாரை இயக்கும் பிரஷர் சுவிட்சை வைத்திருந்தால் இடையில் கிடைப்பது ஏழெட்டு லிட்டர். காற்று இறங்கிவிட்டால் அதுவும் போய், ஒரு மக் எடுத்தாலே மோட்டார் கிளம்பும். டக் டக் நோய் முக்கால்வாசி இங்கேதான்.

பார்ப்பது சுலபம். மெயினை அணைத்துவிட்டு, ஒரு குழாயைத் திறந்து தண்ணீரை முழுக்க வடியவிடுங்கள். டேங்க்கின் பின்புறம் பிளாஸ்டிக் மூடிக்குள் கார் டயரில் இருப்பது போலவே ஒரு வால்வு இருக்கும். அதன் நடு ஊசியை நகத்தால் அழுத்துங்கள். காற்று வந்தால் பை பிழைத்திருக்கிறது, டயர் கேஜ் வைத்துப் பார்த்து, ஆன் ஆகும் அழுத்தத்துக்கு 2 பிஎஸ்ஐ குறைவாக, அதாவது 20-க்கு 18 என்று, மோட்டார் பைக் டயருக்குக் காற்றடிக்கும் கால் பம்பாலேயே நிரப்பிவிடலாம். தண்ணீர் பீய்ச்சினால் பை கிழிந்தாயிற்று. இந்த அளவு டேங்க்குகள் பலவற்றில் முகப்புத் தட்டின் போல்ட்டுகளைக் கழற்றிப் பையை மட்டும் மாற்ற முடியும், முழு டேங்க்கையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. தண்ணீர் வடியாமல் காற்றளவு பார்த்தால் கேஜ் காட்டுவது தண்ணீரின் அழுத்தம், அதை நம்பி ஏமாறாதீர்கள்.

கன்ட்ரோலர் வேறு ஜாதி. டேங்க் கிடையாது, அழுத்தம் விழுந்தால் மோட்டாரை ஓட்டும், தண்ணீர் ஓட்டம் நின்றால் சில விநாடியில் நிறுத்தும். இடம் அடைக்காது, ஷவரில் அழுத்தம் ஏறி இறங்காது. எல்லாவற்றையும் விட, கிணறு வற்றினால் தானே நிறுத்தி சிவப்பு விளக்கு காட்டும். வெறும் பிரஷர் சுவிட்ச் வைத்த டேங்க் செட்டுக்கு இந்தப் புத்தி இல்லை, கோடையில் தண்ணீரில்லாமல் ஓடி சீல் கருகும் வரை ஓடும். இந்த ஒரு விஷயத்தில் கன்ட்ரோலர் ஜெயித்துவிட்டது, மறுக்க ஒன்றுமில்லை.

ஆனால் பல கன்ட்ரோலர்களில் ஆன் ஆகும் அளவு 1.5 பார் (பாரும் அழுத்த அளவுதான், 1 பார் சுமார் 14.5 பிஎஸ்ஐ) என்று நிலையாக இருக்கும். 10 மீட்டர் தண்ணீர் உயரம் கிட்டத்தட்ட 1 பார். கீழே கன்ட்ரோலர், அதற்கு மேல் 15 மீட்டர் உயரத்தில் கடைசிக் குழாய் என்றால், அதைத் திறந்தாலும் பைப்பில் நிற்கும் தண்ணீரே 1.5 பார் காட்டிக்கொண்டிருக்கும், மோட்டார் கிளம்பவே கிளம்பாது. எல்லாரும் மோட்டாரைச் சந்தேகப்படுவார்கள்! அப்புறம் உப்புத் தண்ணீர். ஓட்டத்தை உணரும் சின்ன உறுப்பில் உப்பும் துருவும் படிந்து சிக்கிக்கொண்டால், குழாயை மூடின பிறகும் மோட்டார் ஓடும், அல்லது கிணற்றில் தண்ணீர் இருந்தும் சிவப்பு விளக்கு எரியும். டேங்க் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய துவாரமும் அடைக்கும்தான், ஆனால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதைக் கழற்றி ஒரு கம்பியால் குத்திவிடலாம். கன்ட்ரோலரின் போர்டு போனால் கடைக்காரர் புதுசைத்தான் நீட்டுவார்.

இன்னொன்று, யாரும் குழாயைத் திறக்காமலேயே ராத்திரியில் மோட்டார் கிளம்பினால் எதை மாற்றியும் பயனில்லை, எங்கோ ஒழுகுகிறது. டேங்க்குக்குப் பிறகு வீட்டுக்குப் போகும் கேட் வால்வை மூடிவிட்டு, மோட்டாரையும் அணைத்துவிட்டு டேங்க் பக்கம் உள்ள தண்ணீர் அழுத்தக் கேஜைப் பாருங்கள். முள் அசையவில்லை என்றால் ஒழுகல் வீட்டுக்குள், முதலில் கழிவறை ஃபிளஷ் டேங்க்கைப் பாருங்கள். முள் இறங்கினால் தண்ணீரைப் பின்னோக்கி விடாத என்ஆர்வி வால்வோ, உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வோ பிடிக்கவில்லை, தண்ணீர் கிணற்றுக்கே திரும்புகிறது. சொட்டுகிற ஃபிளஷ் டேங்க் உள்ள வீட்டில் கன்ட்ரோலர் மாட்டினால் நாள் முழுக்க ஆன்-ஆஃப்தான், ஏனென்றால் அந்தச் சொட்டை ஈடுகட்ட அதனிடம் இருப்புத் தண்ணீர் கிடையாது.

கரண்ட் போனாலும் அதே கதை. டேங்க் இருந்தால் கை கழுவவாவது மிச்சம் இருக்கும்.

நல்ல தண்ணீர், இரண்டு மாடி, இடமில்லை என்றால் கன்ட்ரோலர் போடுங்கள், தாராளமாக. உப்புத் தண்ணீர் போர், அடிக்கடி கரண்ட் கட் என்றால் டேங்க்கையே வைத்துக்கொண்டு, தண்ணீரில்லாமல் ஓடினால் நிறுத்துகிற தனிக் கருவியை ஸ்டார்ட்டர் பக்கத்தில் எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டிவிடுங்கள். தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தை மாற்றிக்கொள்ளும் விஎஃப்டி பம்பு இரண்டையும் விட சொகுசு, விலையும் அப்படித்தான்.