லோக்கல் மாறியா, கிளாஸ் மாறியா? பராமரிப்பை முன்வைத்து ஓர் ஒப்பீடு

மதிப்பெண் அறிக்கை தயாரிக்கும் ஜாவா நிரல் ஒன்றைத் திருத்தி எழுதியபோது, ஒவ்வொரு மதிப்பையும் எந்த வகை மாறியில் (மதிப்பைத் தாங்கும் பெயரிட்ட இடத்தில்) வைப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது: மெத்தடுக்குள் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதிக்குள்) லோக்கல் மாறியாகவா, ஆப்ஜெக்டின் (ஒரு மாணவரைப் போன்ற தனி உருப்படியின்) இன்ஸ்டன்ஸ் மாறியாகவா, கிளாஸ் (அத்தகைய ஆப்ஜெக்டுகளுக்கான வார்ப்பு) முழுமைக்கும் பொதுவான ஸ்டேடிக் மாறியாகவா? இயன்றவரை லோக்கல் மாறி என்பதே என் தேர்வு.

முதலாவது மெத்தடோடு முடிந்துவிடும், இரண்டாவது ஆப்ஜெக்ட் உள்ளவரை இருக்கும், மூன்றாவது கிளாஸுக்கு ஒன்றே ஒன்று என்பதெல்லாம் அனைவரும் அறிந்ததே. வேக வேறுபாடும் இத்தகைய நிரலில் பொருட்படுத்தத்தக்கதல்ல. தேர்வைத் தீர்மானிப்பது பராமரிப்பு. அதாவது, ஒரு மதிப்பு தவறாக வரும்போது காரணத்தைக் கண்டுபிடிக்க எத்தனை வரிகளைப் படிக்க வேண்டியிருக்கிறது என்பது.

'மொத்தம்' என்ற மாறியை எடுத்துக்கொள்வோம். அது இன்ஸ்டன்ஸ் மாறியாக இருந்து, கணக்கிடும் மெத்தட் ஐந்து பாட மதிப்பெண்களையும் ஒரு லூப்பில் (திரும்பத் திரும்ப இயங்கும் வரிகளில்) அதனோடு கூட்டிக்கொண்டே போனால், முதல் அழைப்பில் 420 வரும். அதே ஆப்ஜெக்டில் மீண்டும் அழைத்தால், பழைய தொகையின்மேல் கூட்டி 840 வரும். தொடக்கத்திலேயே அதைச் சுழியாக்கிச் சரிசெய்யலாம்தான். ஆனால் அந்த வரியைப் பிறகு எவரும் நீக்கமாட்டார் என்பதற்கோ, வேறொரு மெத்தட் நடுவில் அந்த மாறியைத் தொடாது என்பதற்கோ உத்தரவாதம் இல்லை. பிரைவேட் (வெளியிலிருந்து தொட முடியாதது) என்று அறிவித்தாலும் கிளாஸுக்குள் இருக்கும் எந்த மெத்தடும் அதை மாற்றலாம் என்பதால், கிளாஸ் முழுவதையும் படித்தாக வேண்டும். அதையே மெத்தடுக்குள் அறிவித்துவிட்டால், படிக்க வேண்டியவை அந்தப் பத்துப் பன்னிரண்டு வரிகள் மட்டுமே. நிரலை இயக்கத்தக்க வடிவுக்கு மாற்றும் கம்பைலரும் இங்கே துணைநிற்கிறது: இன்ஸ்டன்ஸ் மாறிக்கு மதிப்புத் தர மறந்தால் சுழியோ, 'எதுவுமில்லை' என்று பொருள்படும் null மதிப்போ சத்தமின்றி வந்து அமர்ந்துவிடும், லோக்கல் மாறியை மதிப்புத் தராமல் பயன்படுத்தினால் நிரல் கம்பைலே ஆகாது.

ஸ்டேடிக் மாறி, பாடத்துக்கு அதிகபட்ச மதிப்பெண் 100 என்பது போன்ற மாறாத மதிப்புகளுக்கு மிகப் பொருத்தமானது. மாறக்கூடிய எதையும் அதில் வைக்கத் தயங்குகிறேன். தேதியை எழுத்து வடிவுக்கு மாற்றும் ஜாவாவின் சிம்பிள்டேட்ஃபார்மேட் கிளாஸ் இதற்குத் தெளிவான சான்று. அது தன் இடைக்கணக்கை லோக்கல் மாறியில் வைக்காமல், ஆப்ஜெக்டுக்குள்ளேயே ஒரு காலண்டர் ஆப்ஜெக்டில் வைத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே ஆப்ஜெக்டை ஸ்டேடிக்காக அறிவித்துப் பல த்ரெட்கள் (நிரலில் இணையாக இயங்கும் வேலைத்தொடர்கள்) ஒரே நேரத்தில் பயன்படுத்தினால், ஒன்றின் தேதி மற்றொன்றில் கலந்துவிடக்கூடும். 2014இல் ஜாவா 8உடன் அதே வேலைக்காக வந்த டேட்டைம்ஃபார்மேட்டர், உருவாக்கிய பின் மாறாத ஆப்ஜெக்டாக வடிவமைக்கப்பட்டிருப்பதால் அந்தச் சிக்கல் அதில் இல்லை.

இன்ஸ்டன்ஸ் மாறிக்குரிய இடத்தை நான் மறுக்கவில்லை. மாணவரின் பெயரும் பதிவு எண்ணும் எந்த மெத்தட் முடிந்தாலும் பொருளுடையவை. அவை ஆப்ஜெக்டில்தான் இருக்க வேண்டும். மொத்தமோ, மெத்தட் விடையைத் திருப்பித் தந்தவுடன் தேவையற்றதாகிவிடுகிறது.

லோக்கல் மாறிகளை நம்பினால் பேராமீட்டர்கள் (மெத்தடை அழைக்கும்போது அதற்குத் தரும் மதிப்புகள்) பெருகும் என்பது உண்மையான குறை. அவை ஐந்தாறைத் தாண்டும்போது, எப்போதும் சேர்ந்தே பயணிப்பவற்றை ஒரு சிறு கிளாஸாகத் தொகுத்துவிடுகிறேன். நான் எழுதுபவை பெரும்பாலும் அலுவலகப் பயன்பாட்டு நிரல்கள். ஒரே ஆப்ஜெக்டை நொடிக்குப் பலமுறை மறுபயன்படுத்தும் விளையாட்டு நிரல்களில் எனக்கு அனுபவம் குறைவு என்பதால், அங்கும் இதே அளவுகோல் செல்லும் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.