சுங்கை சிப்புட் பெண்கள் கிளினிக்: சிகிச்சையில் குறையில்லை, அதற்குப் பின்புதான் குறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள தனியார் பெண்கள் கிளினிக் ஒன்றுக்கு என் ஓர்ப்படியை அழைத்துச் சென்றிருந்தேன். போனது கருக்கலைப்புக்காக. அவருடைய சம்மதத்தோடே இதை எழுதுகிறேன். கிளினிக்கின் பெயரை மட்டும் தவிர்க்கிறேன்.

தோட்டப்புறங்களில் பலர் இதை முழுக்கச் சட்டவிரோதம் என்று நம்பி, இணையத்தில் யாரோ விற்கும் மாத்திரையை வாங்கி விழுங்குகிறார்கள். உண்மையில், மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆவது பிரிவு 1989-இல் திருத்தப்பட்டது முதல், கர்ப்பத்தைத் தொடர்வது கலைப்பதைவிடத் தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ கூடுதல் ஆபத்து என்று பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால், அவர் அதைச் செய்யலாம். கிளினிக்கின் டாக்டரம்மா இதைத் தமிழிலேயே விளக்கிய பிறகுதான் காரணம் கேட்டார். “உங்களைக் குற்றம் சொல்லக் கேட்கவில்லை அம்மா, நான் எழுத வேண்டியிருக்கிறது” என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

ஓர்ப்படிக்குக் காரணம் ஒன்றல்ல. மூன்று பிள்ளைகள், கடைக்குட்டிக்கு இன்னும் பால் மறக்கவில்லை. செம்பனைக் குலை வெட்டும் கணவருக்கு மழை மாதங்களில் வருமானம் சுருங்கிவிடும். போன பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறி, ஈப்போவுக்கு ஆம்புலன்சில் கொண்டுபோக வேண்டியதாயிற்று. எங்கும் பெண்கள் சொல்வது ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவில் டயானா கிரீன் ஃபாஸ்டர் தலைமையில், கருக்கலைப்பு கேட்டு வந்த ஏறத்தாழ 1,000 பெண்களை ஐந்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வில், பணவசதி இல்லை என்றவர்கள் 40 விழுக்காடு. இருக்கும் பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும் என்றவர்கள் 29 விழுக்காடு. பெரும்பாலோர் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களைச் சொன்னவர்கள். பொறுப்பில்லாதவர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்று கோயில் வாசலில் பேசுவோருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சிகிச்சையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஸ்கேன், உறிஞ்சு முறைச் சிகிச்சை, மறுபரிசோதனை மூன்றுக்கும் ஒரே தொகையை முதலிலேயே தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு வெள்ளிகூடக் கூடவில்லை. சிகிச்சை சில நிமிடங்களில் முடிந்தது. தாதி கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேட் முழுவதும் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே தொடர்ந்தால் உடனே வரவேண்டும் என்றும், அடுத்த கரு பத்து நாளுக்குள்ளேகூடத் தங்கக்கூடும் என்பதால் கருத்தடையை அன்றே முடிவு செய்யலாம் என்றும் தெளிவாகச் சொன்னார்கள்.

என் மனக்குறை வேறு. பதிவு முகப்பு வாசலை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்த பெண் ஓர்ப்படியின் முழுப்பெயரையும் வந்த காரணத்தையும் கூடமே கேட்கும்படி சொன்னார். அடுத்த நாற்காலியில் எங்கள் தோட்டத்தில் முன்பு மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, இருந்தவரின் மனைவி. பெரிய நகரத்தில் இது சின்ன விஷயமாக இருக்கலாம். இங்கே மாலைக்குள் லயம், அதாவது தோட்டக் குடியிருப்பு, முழுக்கத் தெரிந்துவிடும். முன்பு சொன்ன அமெரிக்க ஆய்விலேயே, கருக்கலைப்பு செய்துகொண்டவர்களில் ஐந்தாண்டு முழுவதும் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தாங்கள் செய்தது சரியான முடிவு என்றே சொன்னார்கள். பெரும்பாலோருக்கு ஆறுதலே மிஞ்சியது. சிகிச்சை மறுக்கப்பட்டவர்களையே பணநெருக்கடி கூடுதலாக வாட்டியது. வருத்தமோ குற்ற உணர்வோ கூடுதலாகச் சொன்னவர்கள், ஊர் தங்களைத் தாழ்வாக எண்ணும் என்று அஞ்சியவர்களும் துணைக்கு ஆளில்லாதவர்களும்தான். அப்படியானால், அந்தரங்கத்தைக் காப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதானே?

மறுபரிசோதனையும் அப்படியே. கருப்பை சுத்தமாக இருக்கிறது என்றதோடு சரி. தூக்கம் வருகிறதா, வீட்டில் பேச ஆள் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. ஓர்ப்படிக்கு இரண்டு வாரம் அழுகை வந்தது. முடிவை எண்ணி அல்ல, மாமியாரிடம் ‘வயிற்றுக் கோளாறு’ என்று பொய் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததால். கொடுத்த அறிவுரைத் தாளும் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. தமிழ் பேசும் டாக்டரம்மா இருக்கும் இடத்தில் இதை ஏற்கவே முடியவில்லை.

இத்தனைக்கும், வேறொருத்திக்குத் தேவைப்பட்டால் இங்கேயே அனுப்புவேன். முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து, பெயரைக் கூப்பிடாமல் எண் கொடுக்கச் சொல்லுங்கள்; கேட்டவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அடையாள அட்டையையும் பழைய பிரசவப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் டாக்டரம்மா இருப்பதில்லை.