ஆல்டர்நேட்டிங் பேஸ்: இரண்டு ஆண்டுப் பழக்கத்துக்குப் பின்

கிதாரில் ஆல்டர்நேட்டிங் பேஸ் முறையைப் பழகத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நான்கு தட்டுத் தாளத்தில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் கனத்த தந்தி ஒன்றைத் தனியாக மீட்டி, இரண்டுக்கும் நான்குக்கும் மெல்லிய தந்திகளைச் சேர்த்து ஸ்ட்ரம் செய்வதே, அதாவது ஒரே வீச்சில் வருடுவதே, இம்முறை. பேஸில், அதாவது அந்தக் கனத்த தந்திகளில், பெரும்பாலும் கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டின்) ஆதார சுரமும் ஐந்தாம் சுரமும், நம் வழக்கில் ஸ-வும் ப-வும், மாறி மாறி ஒலிக்கும்.

இது முழுக்க வலக்கையின் வேலை என்றே எண்ணியிருந்தேன். ஜி கார்டில் ஆறாம் தந்தியிலிருந்து (மிகக் கனத்தது அதுதான்) நான்காம் தந்திக்கும், டி கார்டில் நான்கிலிருந்து ஐந்துக்கும் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) தாவினால் போதும். இடக்கை அசைய வேண்டியதில்லை. சி கார்டு வந்தபோதுதான் அந்த எண்ணம் தகர்ந்தது. ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டை (கிதாரின் கழுத்தில் உள்ள கட்டத்தை) அழுத்தியிருக்கும் மோதிர விரலை, சுட்டுவிரலும் நடுவிரலும் நகராமல், ஆறாம் தந்தியின் அதே ஃபிரெட்டுக்குக் கொண்டுபோய், அடுத்த சுற்றுக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்த இடைவெளியில் ஐந்தாம் தந்தி திறந்து கிடப்பதால், பிக் சற்றே உரசினாலும் கார்டில் இல்லாத ஏ சுரம் உள்ளே நுழைந்துவிடும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து இந்த ஒரு விரலை மட்டும் பழக்கினேன். 100 தட்டுகளுக்கு வர மூன்று மாதங்கள் பிடித்தன. வியப்பு என்னவென்றால், சுட்டுவிரலால் எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்த வேண்டியிருப்பதால் எல்லோரும் அஞ்சும் எஃப் பார் கார்டு இங்கே சாது: ஸ-வும் ப-வும் ஏற்கெனவே விரலுக்கடியில் இருக்கின்றன.

ஸ்ட்ரம் எவ்வளவு அடங்கியிருக்க வேண்டும் என்பது, 1927-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் நகரில் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடிய கார்ட்டர் குடும்பம் என்ற நாட்டுப்புற இசைக் குழுவின் மேபெல் கார்ட்டரைக் கேட்ட பிறகே புரிந்தது. அவர் கட்டைவிரலால் பேஸ் தந்திகளில் மெட்டையே வாசித்து, இடையிடையே மற்றொரு விரலால் மெல்லிய தந்திகளை வருடிச் செல்வார். நானோ அதுவரை ஆறு தந்திகளையும் வாரி இறைத்து, பேஸை நானே மூழ்கடித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஸ்ட்ரம் செய்யும்போது மெல்லிய மூன்று தந்திகளைத் தாண்டுவதில்லை. பிக்கையும் 0.5 மி.மீ.-இலிருந்து 0.73 மி.மீ.-க்கு மாற்றினேன், மெல்லிய பிக் கனத்த தந்தியில் வளைந்து, பேஸ் எப்போதும் சற்றே சோம்பலாகவே கேட்டது.

பாடிக்கொண்டே வாசித்தால் இன்றும் சி கார்டில் ஆறாம் தந்தி சில வேளை தவறுகிறது. அப்போதெல்லாம் விரலை நகர்த்தாமல், நான்காம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டை மீட்டி, ஸ-ப-வுக்குப் பதில் ஸ-க என்று ஒப்பேற்றிவிடுகிறேன்.