ரிம்வேர்ல்டா, ஆக்சிஜன் நாட் இன்க்ளூடடா: கட்டட வேலையை எதில் வாங்குவது எளிது?

இவை குடியிருப்பு கட்டி நடத்தும் கணினி விளையாட்டுகள். இரண்டிலும் ஆட்கள் தாங்களாகவே வேலையைத் தேர்ந்தெடுப்பார்கள். நாம் வரிசையை மட்டும் சொல்கிறோம்.

2018இல் முழுமையாக வெளியான ரிம்வேர்ல்டில் ஒவ்வொருவருக்கும் வேலை வாரியாக 1 முதல் 4 வரை எண் தரலாம். 1தான் முதலிடம். எண் சமமானால் பட்டியலில் இடப்பக்கம் உள்ள வேலை முந்தும். ஆனால் சுவருக்கென்று தனி எண் கிடையாது. படுக்கையறை பாதியில் நிற்க, ஒருவர் போய் வேலி கட்டுவார்! அவசரமென்றால் ஆளைத் தேர்ந்து, அந்தச் சுவரில் வலது கிளிக் செய்து 'முதலில் இதை முடி' என்று ஏவலாம். கட்டுமானத் திறன் குறைந்தவரை ஏவினால் வேலை சொதப்பிப் பொருளும் கொஞ்சம் வீணாகும்.

2019இல் வந்த ஆக்சிஜன் நாட் இன்க்ளூடடில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் 1 முதல் 9 வரை எண் உண்டு. இங்கே 9தான் பெரியது. அப்புறம் ஏன் 9 போட்ட குழாயை யாரும் தொடுவதில்லை? ஓர் ஆளுக்கென்று நாம் தனியாக வைத்த வேலை வரிசையில் தோண்டுதல் மேலே இருந்தால், அதுதான் முதலில் நடக்கும். எல்லாவற்றுக்கும் 9 போட்டால் எண்ணே அர்த்தமிழக்கும். 9க்கும் மேலான அவசரக் குறியை, அதாவது மஞ்சள் எச்சரிக்கையை, ஆக்சிஜன் தீரும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் குடியிருப்புக்கு ரிம்வேர்ல்டின் நேரடி ஏவல் போதும். பெரிய தளத்துக்கு எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது.