இடுப்பெலும்பா, செயற்கைத் துகளா: பொருந்தாத காலுக்கு நாங்கள் செய்த தெரிவு

முறிந்த எலும்பு பல மாதங்கள் கடந்தும் பொருந்தாமல் நிற்கும்போது, அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்வி எழுகிறது. நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே சிறிதளவு எடுத்து வைக்கலாம். அல்லது கல்சியம் பொஸ்பேட் போன்றவற்றால் செய்யப்பட்ட செயற்கை எலும்புத் துகள்களை வைக்கலாம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும்போது வழுக்கி விழுந்து, கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பை முறித்துக்கொண்ட எங்கள் அம்மாவுக்கு நாங்கள் முதலாவதைத் தெரிவு செய்தோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கமாகவே சாயும்.

மேலோட்டமான வேறுபாடுகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். சொந்த எலும்புக்கு விலையில்லை, ஆனால் உடம்பில் இன்னொரு வெட்டு விழும். எடுக்கக்கூடிய அளவுக்கும் வரம்பு உண்டு. செயற்கைத் துகளுக்கு இரண்டாவது காயம் இல்லை, வேண்டிய அளவு கிடைக்கும், ஆனால் பணம் வேண்டும். “இன்னொரு எடத்துலயும் வெட்டணுமா தம்பி?” என்று அக்கா கேட்டது நியாயமான கேள்வி. விலையையும் வலியையும் மட்டும் தட்டில் வைத்து நிறுத்தியிருந்தால், கடன் வாங்கியாவது துகளையே வாங்கியிருப்போம். எங்கள் முடிவை மாற்றியது வேறொரு விடயம்: அந்த இடத்தில் உயிருள்ள கலங்கள் இருக்கின்றனவா, இல்லையா என்பது.

எலும்பு முறிந்தவுடன் அங்கே குருதி உறைகிறது, அழற்சி ஏற்படுகிறது, எலும்பைச் சுற்றியுள்ள மென்படையிலிருந்தும் எலும்பின் உள்ளேயிருக்கும் மென்மையான மச்சையிலிருந்தும் முன்னோடிக் கலங்கள், அதாவது பின்னர் எலும்புக் கலங்களாக மாறக்கூடிய கலங்கள், அங்கே வந்து சேர்கின்றன. அவை பெருகி, முதலில் குருத்தெலும்பால் இரு முனைகளையும் இணைத்து, பிறகு அதனை உண்மையான எலும்பாக மாற்றுகின்றன. இறுதியில் ஒரு வகைக் கலங்கள் வேண்டாத எலும்பைக் கரைக்க, மற்றொரு வகைக் கலங்கள் வேண்டிய இடத்தில் புதிதாகப் படியவைக்க, பழைய வடிவம் திரும்புகிறது. தகடும் திருகாணியும் எலும்பை அசையாமல் பிடித்திருக்குமேயன்றிப் பொருத்தாது. பொருத்துவது இந்தக் கலங்கள்தான். கீழ்க்கால் எலும்பின் அடிப்பகுதியைச் சுற்றிச் சதை குறைவு, குருதியோட்டமும் குறைவு. முறிவுகள் பொருந்தாமல் இழுத்தடிக்கும் இடங்களில் அது பேர்போனது.

ஆகவே, தெரிவு செய்வதற்கு முன்னர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கம் கேட்பது அவசியம். முறிந்த முனைகள் இரண்டும் யானைக்கால் போலப் பருத்து, ஆனால் நடுவில் கோடு மட்டும் மறையாமல் நின்றால், கலங்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன, பிடிமானம்தான் போதவில்லை என்று பொருள். அப்படிப்பட்டவர்களுக்கு உறுதியான தகடோ உட்கம்பியோ மட்டுமே பெரும்பாலும் போதுமாக இருக்கும். நிரப்புவதற்கு எதுவுமே தேவைப்படாமலும் போகலாம். அம்மாவின் படத்தில் முனைகள் மெலிந்து, உருண்டு, புது எலும்பின் நிழல்கூட இல்லாமல் இருந்தன. அங்கே வேலை செய்ய ஆளே இல்லை என்று வைத்தியர் சொன்னபோது எங்கள் குழப்பம் தீர்ந்தது.

செயற்கைத் துகள் என்பது பந்தல். கொடி அதில் இல்லை. பக்கத்தில் உயிருள்ள எலும்பு இருந்தால் கலங்கள் அதன் நுண்துளைகளுக்குள் ஏறிப் படரும். இல்லாவிட்டால் அது வெறுமனே அங்கே கிடக்கும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து எடுக்கும் பஞ்சு போன்ற எலும்பிலோ சட்டகமும் இருக்கிறது, மச்சையோடு வரும் முன்னோடிக் கலங்களும் இருக்கின்றன, அக்கம்பக்கத்துக் கலங்களை அழைத்து எலும்பாக்கும் புரதங்களும் இருக்கின்றன. இந்தத் தூண்டும் ஆற்றலை அமெரிக்க எலும்பு வைத்தியரான மார்ஷல் யூரிஸ்ட் 1965 இல் காட்டினார்: கனிமம் நீக்கிய எலும்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தபோது, எலும்பே இல்லாத அந்த இடத்தில் புது எலும்பு உருவானது.

எடுத்து வைக்கும் கலங்கள் எல்லாமே பிழைப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். புதிய குருதிக் குழாய்கள் வந்து சேரும்வரை, ஒட்டின், அதாவது எடுத்து வைத்த எலும்பின், மேற்பரப்பை அண்டிய கலங்களே பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் பெரிய துண்டாக வைக்காமல் சிறு சிறு சில்லுகளாக நறுக்குகிறார்கள். உலரவிடாமல் குருதியில் நனைத்து வைத்திருந்து, தாமதிக்காமல் முறிவிடத்தில் நிரப்புகிறார்கள்.

இதற்குக் கொடுத்த விலையும் சிறிதல்ல. கால் வலியைவிட இடுப்பு வலியே அம்மாவை ஆரம்பத்தில் அதிகம் படுத்தியது. அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை. லயத்து வாசற்படியில் இறங்குவதற்குக்கூட ஆள் பிடிக்கவேண்டியிருந்தது. சிலருக்குத் தொடையின் வெளிப்பக்கத்தில் மரத்துப்போன உணர்வு நெடுநாள் நீடிப்பதும் உண்டு. வயது ஏற ஏற மச்சையில் கொழுப்பு கூடி முன்னோடிக் கலங்கள் குறைவதால், முதியவர்களுக்கு இந்த ஒட்டின் பலனும் இளையவர்களுக்குக் கிடைப்பதைப்போல் இராது. அம்மாவின் எலும்பு பொருந்திவிட்டது. ஆனாலும் ஒரு காலின் அனுபவத்தை வைத்து எல்லாக் கால்களுக்கும் தீர்ப்பெழுத முடியாது.

செயற்கைத் துகளுக்கென்றே உரிய இடங்களும் இருக்கின்றன. முழங்கால் மூட்டின் மேற்பரப்பு அமுங்கி, அதைத் தூக்கி நிறுத்தியபின் கீழே உண்டாகும் குழியைப் போல, நான்கு பக்கமும் உயிருள்ள எலும்பு சூழ்ந்திருந்தால் கலங்கள் சுவர்களிலிருந்தே வந்துவிடும். அங்கே இடுப்பை வெட்டச் சொல்வதற்கு எனக்கு மனம் வராது. பக்கத்து டிவிசனைச் சேர்ந்த ஒருவருக்கு அப்படித்தான் துகள் வைத்தார்கள், அவர் நன்றாக நடக்கிறார். இந்தப் பக்கத்தில் எனக்குள்ள நேரடி அறிவு அவ்வளவுதான்.

மூன்றாவதாக, இடுப்பிலிருந்து மச்சையை ஊசியால் உறிஞ்சி, செறிவாக்கி, முறிவிடத்தில் ஏற்றும் முறையும் உண்டு. அது எங்கள் முன் வைக்கப்பட்ட தெரிவு அல்ல. ஆனால் பிரான்சின் எலும்பு வைத்தியரான எர்னிகுவின் குழுவினர் 2005 இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது. பொருந்தாத 60 கீழ்க்கால் எலும்புகளில் 53 இம்முறையால் பொருந்தின; பொருந்தாமற்போன 7 பேருக்கு ஏற்றப்பட்ட மச்சையில் முன்னோடிக் கலங்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தது.

எதைத் தெரிவு செய்தாலும், முறிவிடத்தில் கிருமித் தொற்று இருந்தால் முதலில் அதைத் துப்புரவாக்கவேண்டும். சீழ் உள்ள இடத்தில் சொந்தக் கலமும் பிழைக்காது. நீரிழிவைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவேண்டும். புகைத்தல் எலும்பு பொருந்துவதைத் தாமதப்படுத்தும் என்பது நன்கு நிறுவப்பட்ட விடயம். அம்மா புகைப்பவரல்லர், ஆனால் வெற்றிலையோடு மெல்லும் புகையிலையிலும் நிக்கொட்டின் இருப்பதால் அதையும் விடவேண்டும் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இடுப்பு வெட்டுக்குத் தயங்காத அம்மா, வாதாடியது அதற்கு மட்டும்தான்.